கோவிந்தன் பேருக்கு வந்த பதில்

சூளகிரி தாண்டும்போது செருப்பு அறுந்தது, கழற்றி எறிந்துவிட்டு நடந்தேன். ஓசூரை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் போதாது, அவ்வளவு ஆத்திரம். பேய், ஆவி என்று எவன் சொன்னாலும் சிரிக்கிறவன் நான். பிணக்கிடங்கு வாசலில்கூடப் படுத்துத் தூங்கியிருக்கிறேன். இனி நம்புவது உங்கள் பாடு.

அன்று மத்தியானம்வரை ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் காண்ட்ராக்ட் கூலி. மாதம் ஒருமுறை அங்கே தீ ஒத்திகை. சைரன் ஊதினால் எல்லாரும் கேட் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும், சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவான். என்னோடு வேலை செய்த கோவிந்தன் அந்த நேரம் பார்த்து குடோனில் ஒரு தூக்கம் போடுவான். "டேய், அவனுக்கும் நீயே குரல் குடுத்துருடா, கணக்கு சரியா வரணும்" என்பான் சூப்பர்வைசரே. நானும் கொடுப்பேன்.

அன்று நிஜமாகவே தின்னர் டின்கள் வெடித்துத் தீ. தீயணைப்பு வண்டி வந்தது, அதிகாரி இறங்கியதும் கேட்டது ஒன்றுதான்: "உள்ள ஆள் இருக்கா?" சூப்பர்வைசர் பட்டியலை எடுத்தான். வரிசையில் கோவிந்தன் இல்லை. அவன் பேர் வந்ததும், குடோனில் இருக்கான் என்று கத்த மூச்சை இழுத்தேன், அதற்குள் "இருக்கேன் சார்" என்று கோவிந்தன் குரல், என் பின்கழுத்தில் மூச்சுச் சூடு படுகிற கிட்டத்தில். திரும்பினேன். பின்னால் வெறும் மதில்சுவர்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு சார்" என்றான் சூப்பர்வைசர் அதிகாரியிடம்.

யாரும் உள்ளே போகவில்லை. வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தார்கள். நான் கத்தினேன். "இப்பத்தான்டா பதில் சொன்னான், மூடு" என்றான் அந்தப் பாவி. அதிகாரி கையைப் பிடித்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் குடோன் கூரை இறங்கிவிட்டது.

கோவிந்தனைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்த பிறகு சூப்பர்வைசர் சொல்கிறான், "நீதான்டா குரல் குடுத்த. பழக்கதோஷம்." இரண்டு அறை விட்டேன். பொய் சொல்ல மாதாமாதம் பழக்கியது யார்? ஆனால் என்னோடு ஒரே அறையில் பொங்கித் தின்கிற கன்னடக்கார எல்லப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "ஹௌதப்பா, ஆமா, உன் வாய் அசைஞ்சுது. நான் பாத்தேன்." நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். அந்தப் பேச்சு இன்றைக்கும் சோற்றை இறங்கவிடுவதில்லை.

அங்கிருந்து கிளம்பி ராத்திரி முழுக்க நடந்து, விடிந்ததும் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல் குவாரியில் சேர்ந்தேன். வெடி வைக்கும் முன் ஆட்களை ஒதுக்கி விசில் ஊதுகிற வேலை. "பேரைக் கூப்ட்டுப் பாத்துட்டு ஊதுப்பா" என்றார் மேஸ்திரி. "பேரெல்லாம் வேணாங்க" என்று ஒவ்வொருத்தன் தோளையும் தொட்டுத் தொட்டுப் போனேன். முடிகிறவரை விசிலைப் பல்லில் இறுக்கிக் கடித்திருந்தேன், என்னைக் கேட்காமல் என் வாய் எதையும் சொல்லிவிடக் கூடாதென்று.