அடைக்கலம் அண்ணனின் கண்ணில் குறையில்லை

அடைக்கலம் அண்ணன் இறந்த செய்தியை அவர் மகன்தான் தொலைபேசியில் சொன்னான். "அப்பா போயிட்டாங்க. நீங்க வருவீங்களா சித்தப்பா?" என்றான். அப்படிக் கேட்கவேண்டிய நிலையில்தான் எங்கள் உறவு இருந்தது. போனேன். மாலை போட்டேன். திரும்பினேன்.

நம் புகைப்படக்காரர் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது, "இன்னிக்கு வேண்டாம்ணே" என்று உட்காரவைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பழைய லென்ஸில் குறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில் இந்த மாவட்டத்தில் அண்ணனுக்கு நிகரில்லை. அவர் திருச்சியில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் தொழில் பழகியவர். நான் யாரிடமும் பழகவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றிக் கெடுத்துத் தெரிந்துகொண்டவன். அதனால் என்னை அவர், கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரை வைத்து, 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை, உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிகிறதென்று ஒரு லென்ஸை வேண்டாமென்று தள்ளினேன். பிடுங்கிப் பார்த்தார். இருபக்க மூடியையும் கழற்றி, ஒளி புகும் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தார். "இது தூசிய்யா. தூசி படத்துல விழாது. நூல் நூலாப் படர்ந்திருந்தா பூஞ்சை. கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி இருந்தா மங்கல். அது ரெண்டுக்குந்தான் பயப்படணும்" என்றார். வாங்கினேன். இன்றும் அது நன்றாகவே எடுக்கிறது.

பார்க்கும்போது லென்ஸை மெல்லச் சுழற்றிக்கொண்டே வருவார். குறை கண்ணில் பட்டால் கை நின்றுவிடும். கீழுதட்டைக் கடிப்பார். பக்கத்தில் நின்றிருக்கிற எவருக்கும் இது தெரியும்.

ஆலங்குடி முத்துலெட்சுமி, பிறருக்குக் கீழே வேலை பார்த்தது போதும் என்று தனியாகக் கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பிய நேரம். ஒரு லென்ஸ் விலைக்கு வந்தது. விற்க வந்தவர் அண்ணனின் தங்கை கணவர். வெளிநாட்டு வேலை பறிபோய் மீமிசலில் வந்து உட்கார்ந்திருந்தார். கடற்கரை வீட்டில் தோல் பைக்குள்ளேயே அடைந்து கிடந்த லென்ஸ் அது. விற்பவர் பக்கம் ஒருவர், வாங்குபவர் பக்கம் ஒருவர் பார்ப்பது நம் வழக்கம். அவருக்கு அண்ணன், அவளுக்கு நான்.

நான் முதலில் பார்த்தேன். உள்கண்ணாடியில் மெல்லிய மங்கல் இருந்தது. சொன்னேன். பிறகு அண்ணன் வாங்கிச் சுழற்றினார். கை நின்றது. உதட்டைக் கடித்தார். தங்கை கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மூடியைப் போட்டார்.

"தூசிதான். எடுத்துக்கம்மா. திருப்புளிக்கு எதப் பாத்தாலும் கழட்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தன் கடைக்குள்ளேயே கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு படம் எடுத்தும் காட்டினார். பளிச்சென்று வந்தது. எதிர் வெளிச்சம் அடிக்காதவரை மங்கல் வெளியே தெரியாது. அது அவருக்கா தெரியாது?

நார்த்தாமலைப் பக்கம் அவளுடைய முதல் கல்யாணம். மணமக்களுக்குப் பின்னால் திறந்தவெளி, காலை வெயில். தாலி கட்டும் படங்கள் மொத்தமும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன. பெண்ணின் தலைமுடி சாம்பல் நிறத்தில் இருந்தது. பெண் வீட்டார் சத்தம் போட்டுச் சங்கத்துக்கும் வந்தார்கள். சங்கத்தில் விசாரித்தபோது அண்ணன் சொன்னார்: "நான் பாக்கிறப்ப சுத்தமா இருந்துச்சு. பிள்ளைக்கு வச்சுக்கத் தெரியல."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவளை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. இன்று ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஒங்க கை நின்னுச்சுண்ணே. நான் பாத்தேன்."

"நின்னுச்சு. அது என் தங்கச்சி குடும்பம்யா."

அதையே சங்கத்தில் சொல்லுங்கள் என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போ என்றார். குடிக்காமல் வந்தேன். அதோடு பேச்சு நின்றது.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த லென்ஸைப் பார்த்தபோதே அவருக்குக் கண்புரை இருந்திருக்கும், பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார் என்றீர்கள். இரக்கம் என்று நினைத்துக்கொண்டு அவருடைய கண்ணையே பிடுங்கிவிட்டீர்கள். அவர் சம்பாதித்தது அது ஒன்றுதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பொய் சொன்னார்.

இதை எழுத வேண்டாமென்று முத்துலெட்சுமியும் என்னைத் தடுத்துப் பார்த்தாள். "விடுங்கய்யா, எனக்குப் பழகிருச்சு" என்றாள். எனக்குப் பழகவில்லை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும் கோணத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் சங்கத்தில் சொல்லியிருக்க வேண்டியதும் என்னிடமே தங்கிவிட்டது. அன்று அந்த லென்ஸைப் பார்த்துச் சொன்ன இருவரில் மிஞ்சியிருப்பவன் நான். ஆகவே அவருக்காகவும் நானே சொல்கிறேன். விற்ற அன்றே அந்த லென்ஸ் மங்கியிருந்தது. முத்துலெட்சுமி அதைக் கெடுக்கவில்லை.