சித்தி செய்த டோப்பா

தெருவில் அவளுக்குப் பேரே டோப்பாக்காதான். படக்கதையிலும் கணினி விளையாட்டிலும் வருகிறவர்களைப் போல வேடம் போட்டு மேடையேறுகிற பிள்ளைகளுக்கு, நீலமும் பச்சையுமாக டோப்பா அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு முன்னால் கல்யாணப் பெண்களுக்குக் கொண்டை போட்ட கை அது. எதிர்வீட்டுப் பெண் சிக்குப் பிடித்த வெள்ளை டோப்பாவோடு வந்து அழுததில் ஆரம்பித்தது. அப்புறம் மூச்சுவிட நேரமில்லை. நீராவி காட்டி முடியை வளைப்பாள், பசை தடவி முள்முள்ளாக நிறுத்துவாள். அவள் நிறுத்திய முள் புயலடித்தாலும் சாயாது என்று பேச்சு.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு நோய் உண்டு. மாடியில் குடியிருந்த கொழுந்தன் பெண்டாட்டிதான் அந்த நோய்.

அவள் முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். "அக்கா, இது எப்படிக்கா நிக்குது?" என்று கேட்டுக் கேட்டே, கொஞ்ச நாளில் மாடியிலும் டோப்பா மாட்டுகிற தெர்மகோல் தலை ஒன்று முளைத்தது. வாடிக்கைக்காரர்கள் படியேறத் தொடங்கினார்கள். காலடிச் சத்தம் தன் வாசலைத் தாண்டி மேலே போகும்போதெல்லாம் டோப்பாக்காவுக்கு வயிறு பற்றி எரியும்.

"சிரிச்சுச் சிரிச்சே ஆளைப் புடிச்சுடறா!" என்று கணவனிடம் பொருமுவாள். தம்பி பெண்டாட்டியைப் பற்றி வாயைத் திறந்தால் வம்பு என்று அந்த மனுஷன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வேடப் போட்டிக்குப் பேர் கொடுத்த சொந்த மகளே வந்து சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இந்தத் தடவை டோப்பா சித்தி செய்யறாங்க."

"ஏன், என் கை என்ன சூம்பிப் போச்சா?"

"நீ செஞ்சா நீ வெச்சதுதான் சட்டம். சித்தி நான் சொல்றதையும் கேக்கறாங்கம்மா."

பெற்றவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இடுப்பைத் தாண்டிய மகளின் முடியைச் சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் பின்னிவிடுகிறவள் அவள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த வாயாடி வாயடங்கி அவள் கைக்குள் உட்கார்ந்திருப்பாள். அந்தத் தலைமேல் இனி இன்னொருத்தி கையா?

காய்ந்த துணியைக் கொடுக்கிற சாக்கில் மாடியேறினாள். செக்கச்செவேல் என்ற டோப்பா, அடுப்புத் தீ மாதிரி மேல்நோக்கிக் கொழுந்துவிட்டு நின்றது. பாழாய்ப்போனது, நன்றாகவே இருந்தது. குறை தேடிப் பின்பக்கம் விரலை விட்டாள். விட்டதும் மனசுக்குள் மத்தாப்பு பூத்தது.

தெர்மகோல் தலை மனிதத் தலையைவிடச் சின்னது. போடுகிறவரின் முடியைச் சுருட்டிவைத்து அளவெடுத்து, அந்த அளவுக்குத் துணி சுற்றிப் பருமனாக்கிய பிறகுதான் டோப்பாவை அதில் மாட்ட வேண்டும். இவள் வெறும் தலையில் மாட்டி, உள்ளேயிருக்கும் எலாஸ்டிக்கின் மேலேயே பசையை ஊற்றியிருந்தாள். இனி அது விரியாது. அவ்வளவு முடி உள்ள பெண்ணுக்கு ஏறவே ஏறாது. முள் நசுங்கிவிடும் என்று பயந்து போட்டுப் பார்க்கவும் இல்லை.

"எப்படிக்கா இருக்கு?" ஓரகத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

பின்பக்கத்தைப் பிரித்து எலாஸ்டிக் பட்டை சேர்த்தால் அரைமணி வேலை. சொல்லியிருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு," என்று இறங்கிவிட்டாள். போட்டியன்று மகள் 'அம்மா!' என்று அலறிக்கொண்டு தன்னிடம் ஓடிவருவதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். ஊசி, நூல், பட்டை எல்லாவற்றையும் பையில் எடுத்தும் வைத்துக்கொண்டாள்.

ஒப்பனை அறையில் அவள் நினைத்தபடியே நடந்தது. ஓரகத்தி மாட்டிவிட்ட டோப்பா, மகளின் கொண்டைக்கு மேலேயே குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"தள்ளு, நான் பாக்கறேன்," என்று டோப்பாக்கா முன்னால் வந்து ஊசியைச் செருகினாள். ஊசி மடங்கியது. இத்தனை நாளில் பசை கல்லாய் இறுகியிருந்தது.

"அடுத்தது நீங்கதான்," என்று ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் கொண்டையைப் பிரித்தாள். பின்னல் இடுப்புக்கு இறங்கியது.

"சித்தி, வெட்டிடுங்க."

"ஐயோ, அக்கா என்னைக் கொன்னுடுவாங்க!"

"என் முடிதானே? வெட்டுங்க."

நறுக் நறுக்கென்று கத்தரி ஓடியது. வெட்டுகிறவள் அழுதுகொண்டே வெட்டினாள். "நீங்களே அன்னிக்கு உள்ள விரல விட்டுப் பாத்தீங்களேக்கா. நீங்க பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்."

டோப்பா வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அம்மாவை ஒருமுறை பார்த்தாள். டோப்பாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டோப்பா கச்சிதமாக இறங்கியது. கைதட்டல் அந்த அறைவரை கேட்டது.

மறுநாள் காலையில் டோப்பாக்கா பழக்கதோஷத்தில் சீப்போடு உட்கார்ந்தாள். மகள் கழுத்தளவு முடியோடு வந்து நின்றாள். வேண்டுமென்று செய்த மாதிரி, அந்த வெட்டு அவளுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

"வாடி, வாரி விடறேன்."

"வேணாம்மா. ஓரத்தைச் சரி பண்ணித் தரேன்னு சித்தி வரச் சொன்னாங்க."

காலடிச் சத்தம் வாசலைத் தாண்டி மேலே போனது.