சுகுணா துடைத்த சிப்

அரிமளம் கடைவீதியில் சுகுணாவின் போர்டு ரிப்பேர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்கள் குவாரிக்காரர்கள். அவர்களுக்கு வழி தெரியும். டிப்பர், பொக்லைன், துளை போடும் ரிக் எல்லாவற்றிலும் ஒரு கன்ட்ரோல் போர்டு இருக்கிறது. கல் தூசியும் வெயிலும் ஓயாத அதிர்வும் அதைத் தின்றுவிடும். போர்டு செத்தாலும் அதிலுள்ள மெமரி சிப் லேசில் சாகாது. புளியங்கொட்டையில் பாதிதான் இருக்கும். கரண்டே இல்லாமல் வருஷக்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

"எங்க வீட்டுக்காரருக்கு இதுல பாதி இருந்தாப் போதும்" என்பாள் சுகுணா.

போர்டு வந்ததும் சிப்பில் பதிந்திருக்கும் பழைய கோளாறுகளை ஒருமுறை படித்துவிட்டு அழித்துவிடுவது அவள் வழக்கம். அப்படியே விட்டால் வண்டியில் பழைய சிவப்பு விளக்கு எரியும், "என்னத்தப் பாத்தீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். பதினைந்து வருஷத்தில் இதை யாரும் குறை சொன்னதில்லை.

வைகாசியில் நார்த்தாமலைப் பக்கத்துக் குவாரி ஒன்றிலிருந்து டிப்பர் போர்டு வந்தது. படித்தாள், அழித்தாள், சரிசெய்து அனுப்பினாள். எப்படிக் கெட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நாலாம் நாள் அந்த டிப்பரை ஓட்டிய சேவுகனின் மனைவி மீனம்மாள் வந்தாள். போர்டு கடைக்கு வருவதற்கு முன்பே அந்த டிப்பர் பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டதில் நாகராசு என்ற தொழிலாளிக்கு ஒரு கால் போய்விட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் சேவுகன் ஓட்டினான் என்று முதலாளி புகார் கொடுக்க, அவனை உள்ளே வைத்துவிட்டார்கள்.

"வெளக்கு எரியவே இல்லைங்கிறாரு. போர்டுல எல்லாம் பதிஞ்சிருக்குமாமே, எடுத்துக் குடுங்கக்கா."

சிப்பில் படித்தது சுகுணாவுக்கு நன்றாக நினைவிருந்தது: பிரேக் காற்றழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்குக்குப் போகும் வயர், விபத்துக்கு முன்பே பதினோரு நாளாக அறுந்துகிடந்திருக்கிறது. அது அறுந்தால் விளக்கு எரிய வழியே இல்லை.

"அழிச்சிட்டேன் மீனம்மா."

மீனம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை சுகுணா அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னால் இனி எந்தக் குவாரி வேலையும் தன் கடைக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. எஸ்.ஐ. நல்ல மாதிரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"பாத்ததை மட்டும் எழுதிக்கிறேன்மா. அழிச்சது நீங்கன்னு எழுதுனா, சாட்சியத்த அழிச்சதா ஒங்க மேலயே கேஸ் திரும்பும்."

"இப்ப அந்தச் சிப்பைப் படிச்சா ஒண்ணுமே இருக்காது சார். நான் சொல்றது பொய்யின்னு ஆயிரும், அவரு உள்ளயே கெடப்பாரு. அழிச்சது நாந்தான்னு மொதல்ல எழுதுங்க."