பினா அத்தை கப்பலைவிட்டு இறங்காத நாள்

மெல்பர்னில் பள்ளி ஆசிரியையாக இருந்த லொரெதானா, இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய தன் குடும்பத்தைப் பற்றிக் கதைகள் எழுதுவாள். அவற்றில் சிறந்தது, பினா அத்தை மொச்சை உரித்துக்கொண்டே அவளிடம் சொன்னது.

பினாவுக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை ரோக்கோ கடல் தாண்டி, மெல்பர்னில் இருந்தார். இத்தாலியில் ஊர்த் தேவாலயத்தில் அவருக்குப் பதிலாக அவர் அண்ணன் நின்று மோதிரம் போட்டார். கப்பல் மெல்பர்ன் துறைமுகத்தைத் தொட்டதும், கரையில் நின்ற கணவனை முதன்முதலாகப் பார்த்த பினா கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "என்னை ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சாயங்காலம்வரை அழுதாள். பிறகுதான் இறங்கினாள்.

"இத எழுதித் தொலைச்சிடாதடி" என்றாள் அத்தை.

லொரெதானா எழுதினாள். பினாவை ரீனா ஆக்கினாள்.

புத்தக வெளியீடு இத்தாலியர் சங்கக் கூடத்தில் நடந்தது. அவள் அந்தப் பக்கத்தைப் படிக்க, கூடமே சிரித்தது. முன்வரிசையில் ரோக்கோ மாமாவும் சிரித்தார். பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"கப்பல்ல டாக்டர் சோதனை, அதான் இறங்க நேரமாச்சுன்னுதானே சொன்னே?"

அத்தை மடியிலிருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அத்தை போனை எடுக்கவில்லை. லொரெதானா நேரில் போனாள். கதவு திறந்தது, அத்தை வழிவிடவில்லை.

"பேரை மாத்தித்தானே அத்தை..."

"ரீனாவாம் ரீனா! ஒரெழுத்த மாத்தினா எனக்கு மீசை முளைச்சிடுமா?"

"அடுத்த பதிப்புல எடுத்துடறேன்."

"காகிதத்துலேருந்து எடுப்பே. அவர் மனசுலேருந்து? 'பட்டினியா, கைல பூவோட நின்னேன், டாக்டர் என் பொண்டாட்டிய விடவே இல்ல'ன்னு எத்தனை கல்யாண வீட்டுல சொல்லியிருப்பார்! இப்ப வாயே திறக்கறதில்ல."

பின்புறத்திலிருந்து மாமா வந்தார். வழக்கம்போல் தோட்டத்துக் கீரையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கேம்மா. எல்லாரும் சிரிச்சாங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அடுத்த பதிப்பில் அந்தக் கதை இல்லை. 'வீட்டில் யாரும் சொல்லாத கதையைக் கேட்டு எழுதி வா' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கொடுத்த வேலையையும் நிறுத்தினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் மழுப்பினாள்.

ஈஸ்டர் விருந்துக்கு அத்தை வீட்டில் லொரெதானாவை அழைத்தார்கள். அவள் தட்டு அவள் இடத்திலேயே இருந்தது. மாமா ஒயின் ஊற்றினார். ஆனால் அவள் அடுக்களைக்குள் நுழைந்ததும் பெண்களின் பேச்சு சட்டென நின்றது.

"தக்காளி என்ன விலை விக்குது பார்த்தீங்களா?" என்றாள் அத்தை, அடுப்பைப் பார்த்தபடி.