துரைசானி கொடுத்த பன்னிரண்டு தட்டுகள்

பழைய தட்டுக்கு விலை சொல்பவர்கள் அதன் பின்புறத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அந்தமானில், புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மித்ரா பாபு, நீலப்பூவும் தங்க விளிம்புமாக இருந்த பன்னிரண்டு பீங்கான் தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். போர்ட் பிளேரில் விடுதி நடத்தும் வங்காளி அவர். விருந்தினர் மேசைக்காகப் பழைய பாத்திரங்களைத் தேடி வாங்குபவர். இங்கிலாந்து முத்திரையின் மேல் நகத்தை ஓட்டிவிட்டு, "ஆன்ட்டி, யே தோ செகண்ட் ஹை" என்றார், இது 'செகண்ட்' ஆயிற்றே என்று.

"ஹாங் பாபு, செகண்ட் ஹேண்ட்தான். தொரைசானி பாவிச்சது."

அவர் சிரித்துவிட்டு, முத்திரையின் குறுக்கே ஓடிய மெல்லிய கீறலைக் காட்டினார். சிறு குறை கண்ட தட்டுகளைத் தொழிற்சாலையே இப்படிக் கீறி மலிவாகத் தள்ளிவிடுமாம். இரண்டாம் தரம்.

அம்மா இலங்கை மலைநாட்டில் தோட்டத்துப் பங்களாவில் சமைத்தவள். துரைசானி தன் நாட்டுக்குப் போகும்போது இவற்றை அம்மாவிடம் கொடுத்தாள். கொஞ்ச காலத்தில் நாங்களும் கப்பல் ஏறினோம். காகிதத்தில் நாங்கள் இந்தியர்கள். கல்யாணமாகியிருந்த மூத்த அக்கா சிலோன்காரி; அங்கேயே நின்றுவிட்டாள். பெட்டியில் துணியைக் குறைத்துத் தட்டுகளை அடுக்கினாள் அம்மா. எங்களைக் குடியேற்றிய மாயாபந்தரில் கூரை ஒழுகிய வருஷங்களிலும் அவள் அவற்றை விற்கவில்லை. அதில் ஒரு வாய் சோறும் போட்டதில்லை. போன வருஷம் சாகும் முன், "அக்காளப் பாக்கப் போறதுன்னா மட்டும் வித்துக்க" என்றாள்.

கழித்துப்போட்டதையா கொடுத்தாள் என்று துரைசானிமேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அவளும் இவற்றில்தானே விருந்து வைத்தாள்? அந்தப் பெரிய பங்களாவிலும் இல்லாமையை மறைத்தார்களோ என்னவோ.

போனில் சொன்னதில் பாதி விலைதான் கிடைத்தது. ஒரு தட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டதால், செட் உடைந்துவிட்டதென்று இன்னும் குறைத்தார். ஒருவர் போய்வர அது போதும். மாயாபந்தரிலிருந்து தம்பி மணி, "நீயே போய்ட்டு வா. எனக்கு அவ மொகமே ஞாபகமில்ல" என்றான்.

அக்கா அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் இருந்தாள். எழுபது தாண்டிய அவள் தட்டைக் கையில் வாங்கியதும், "இத இன்னமுமா வச்சிருந்துச்சு அம்மா?" என்று அழுதாள். அழுதுகொண்டே அதைக் கழுவி, சோறும் தேங்காய்ச் சம்பலும் வைத்து என் முன்னால் தள்ளினாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், "இந்தியாக்காரங்களா அக்கா?" என்று கேட்டாள். அந்தமான் என்று நான் திருத்தினேன். எங்கள் தெருவில் இன்றைக்கும் நான் சிலோன் அம்மாதான் என்பதைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அக்கா தடியூன்றி பஸ்வரை வந்தாள். "வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு."

"சரிக்கா."

பஸ் திரும்பியபோது, நான் பிறந்த லயத்து வீடு வலது பக்க ஜன்னலில் வந்து, தேயிலைக்குப் பின்னால் மறைந்தது.