டெசிபலின் பின்கதவு

இது நடந்தது. பாதியை டெசிபலே சொன்னார். முக்கால்வாசியை அவர் மனைவி சொன்னாள். மிச்சத்தை அவளுடைய தம்பி சொன்னான். கணக்கு இடிக்கிறதே என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் மூன்று பேரைத் தனித்தனியாக ஓரங்கட்டி விசாரித்தால் கூட்டுத்தொகை இப்படித்தான் எகிறும். மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டுமே கீழே எழுதியிருக்கிறேன். மச்சான் தன்னைப் பெரிய தைரியசாலியாகக் காட்டிக்கொண்ட இடங்களை எடுத்தாயிற்று.

டெசிபல் என்பது எங்கள் குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. பகல் முழுக்க இருட்டறையில், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று பூனை மாதிரி கேட்பார். சாயங்காலம் காரில் ஏறினால் ஆள் வேறு. அவர் வரும் முன்பே அவர் பாட்டு வந்துவிடும்.

ஆனால் அந்தப் பாட்டில் அவருக்கே திருப்தி இல்லை. கார் மூன்றாம் கை. அதன் ஸ்பீக்கர்களில் எந்தப் பாடகர் பாடினாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். அந்த வருடம் போனஸ் வந்தது. சின்ன போனஸ்தான். வீட்டில் பேச்சைத் தொடங்கினார்.

"பின்சீட்டுக்கு ஏசி காத்தே வரலை. குட்டி வேர்த்து ஊத்துறா. அதைச் சரிபண்ணாம பாட்டுக்குச் செலவாங்க?" என்றாள் மனைவி. அவள் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். எதற்கும் அளவு கேட்பாள்.

"நல்ல பாட்டு கேட்டா வேர்க்காது."

"உங்களுக்கு."

குட்டி அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயது. காரில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. பின்சீட்டில், டிரைவருக்குப் பின்னால் இல்லாமல், மறுபக்க ஜன்னலோரம். காரணம் எங்கள் அடித்தளப் பார்க்கிங். டெசிபலுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு தூண் இருக்கிறது. காரை நிறுத்தினால் டிரைவர் பக்கத்துப் பின்கதவு தூணில் இடிக்கும், திறக்காது. பின்னாலிருந்து இறங்க மறுபக்கக் கதவு ஒன்றுதான் வழி. அதிலும் குழந்தை உள்ளிருந்து திறந்துவிடாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். யாராவது வெளியிலிருந்துதான் திறந்துவிட வேண்டும்.

கடைசியில் மனைவி இறங்கி வந்தாள். போனஸைத் தாண்டி ஒரு காசு போகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆடியோ கடைக்காரர் நல்ல மனிதர். "கையில கொஞ்சம்தான் இருக்குன்னா எல்லாத்தையும் மாத்த ஆசைப்படாதீங்க. முன்கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கர். பின்னாடி இருக்கிறதைக் கழட்டிடுங்க, அதுக்கு வேலையே இல்லை. ஒலியைத் தூக்கிவிட ஒரு சின்ன ஆம்ப். மிச்சக் காசைக் கதவுத் தகட்டுக்குப் போடுங்க. தகடு அதிர்ந்தா எவ்வளவு விலை ஸ்பீக்கரும் தகர டப்பாதான்" என்றார். தகட்டின் மேல் ஒட்டுவதற்கென்று கறுப்பு ரப்பர் ஷீட் கிடைக்கிறது. மேலே அலுமினியத் தாள் போர்த்தியிருக்கும். இன்னொன்றையும் இரண்டு தரம் சொன்னார்: பாட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகிற கம்பியில், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைக்க வேண்டும்.

"அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் டெசிபல்.

கூலியையும் மிச்சம் பிடித்தார். மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு கதவுகளின் உள்பலகையைத் தானே கழற்றினார். அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் நெம்புகோலை வாங்கவில்லை. சமையலறையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போனார். மூன்று கதவுகள் பிழைத்தன. குட்டி பக்கத்துப் பின்கதவின் பலகை 'படார்' என்று குறுக்கே பிளந்தது. கரண்டியும் வளைந்தது. மனைவி கரண்டிக்குத்தான் முதலில் கோபப்பட்டாள்.

புதுப் பலகைக்குக் காசு ஏது? ஊருக்கு வெளியே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குப் போனார்கள். அதே மாடல் கார் ஒன்று ஓரமாக, தார்பாய் போர்த்தி நின்றது. அடியில்லை, நசுங்கலில்லை. பலகை மட்டும் வெளிர்நிறம், இவருடையது கறுப்பு.

"அந்த வண்டில வேணாம் சார். வேற வரும்" என்றார் யார்டுக்காரர்.

"எப்ப வரும்?"

"வரும்."

"அப்ப இதையே குடுங்க. பாதி விலைக்குத் தருவீங்களா?"

யார்டுக்காரர் பேரமே பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "நீங்களே கழட்டிக்கங்க" என்று அலுவலகத்துக்குள் போய்விட்டார். பாதி விலைக்கு வாங்கிய சாமர்த்தியத்தை டெசிபல் ஒரு வாரம் எங்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. பாட்டு உண்மையிலேயே பிரமாதம். பாடகர் போர்வையை உதறிவிட்டு டாஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். குறை ஒன்றே ஒன்று.

டக்... டக்டக்...

பின்னாலிருந்து. அந்த வெளிர்நிறக் கதவிலிருந்து.

பேஸ் என்கிற கனத்த ஒலி அதிகமானால் பலகை அதிர்வது சகஜம். ஆனால் இந்தச் சத்தம் தாளத்தோடு சேரவில்லை. தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது. பாட்டை நிறுத்திய பிறகும் ஒரு தரம்... டக்.

காலையில் மூன்று ஜன்னல்களும் தெளிவாக இருக்கும். அந்த ஜன்னல் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். ஒரு ஆள் ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்து மூச்சுவிட்டது போல.

"ரப்பர் ஷீட்டோட ஈரம்" என்றார் டெசிபல். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தத்தை ஒழித்துக்கட்ட உட்கார்ந்தார்கள். முறை எளிது. ஒருவர் முன்னால் உட்கார்ந்து, 'ம்ம்ம்ம்' என்று தடித்த ஒற்றை ஒலியை ஓடவிட வேண்டும். இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து பலகையை அங்கங்கே உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

டெசிபல் முன்னால். மச்சான் பின்னால். டெசிபல் கண்ணை மூடிக்கொள்வார். மூடினால்தான் காது திறக்கும் என்பது அவர் கட்சி.

ம்ம்ம்ம்... டக்டக்டக்.

"மேல பிடி, மச்சான்."

டக்டக்டக்.

"கீழ... இன்னும் கீழ... கைப்பிடிகிட்ட."

நின்றது.

"அங்கதான்! அழுத்திப் பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாத."

ஒலியைக் கூட்டினார். சத்தமில்லை. இன்னும் கூட்டினார். இல்லை. அவ்வளவு சுத்தமான பேஸை அவர் வாழ்நாளில் கேட்டதில்லையாம். பூரித்துப்போய்க் கண்ணைத் திறந்தார்.

முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படிக்கட்டு அருகில், மச்சான் நின்றுகொண்டிருந்தான். நிச்சயம் செய்த பெண்ணோடு போனில் பேசியபடி. முதுகைக் காட்டிக்கொண்டு.

டெசிபல் தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

காலி.

ஒலி ஓடிக்கொண்டிருந்தது. கதவு அதிரவில்லை.

"எப்படா எறங்கின?"

"அப்பவே மாமா. 'மேல பிடி'ன்னீங்கள்ல, அதுக்கு முன்னாடியே போன் வந்துடுச்சு. ஜன்னல் வழியா கையை விட்டு வெளிப்பிடியை இழுத்து எறங்கிட்டேன். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பலகையை மாற்ற வேண்டும்; மாற்றக் காசில்லை. தவிர, காருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று மருந்தக அம்மாவிடம் சொன்னால் அவள் கேட்கப்போவது ஒன்றுதான்: "அடுத்து என்ன வாங்கணும்?"

ஆனால் அன்றைக்கே குட்டியிடம் தணிந்த குரலில் பேசிப் பார்த்தார்.

"கண்ணு, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் உக்காரலாமா?"

"மாட்டேன். அது என் ஜன்னல்."

மறுநாளிலிருந்து அந்தக் கதவு கனத்தது. திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கீலுக்கு எண்ணெய் விட்டார். பயனில்லை. மகளை அந்த இடத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். கதவு, அவர் கை முழுதாகத் தள்ளும் முன்பே, தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டது.

மெதுவாக. சத்தமே இல்லாமல்.

வாரக் கடைசியில் நீச்சல் வகுப்பிலிருந்து குட்டியை அழைத்து வந்தார். நல்ல வெயில் நேரம். அடித்தளத்தில் இறங்கி, தூணோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

ஏதோ கருகும் வாடை.

முன்சீட்டுக்குக் கீழே, கார்பெட்டின் விளிம்பில், நூல் போல ஒரு புகை. ஆம்ப் கம்பி போகிற வழி.

அந்த ஃபியூஸ் இல்லாத கம்பி.

நூல் கயிறானது. டெசிபல் வெளியே குதித்தார். சுற்றி ஓடினார். பின்கதவின் பிடியை இழுத்தார்.

திறக்கவில்லை.

பூட்டு விழவில்லை. பொத்தான் மேலேதான் நின்றது. மறுபடி இழுத்தார்.

பூட்டிய கதவு அசையாது. இது அசைந்தது. ஒரு விரல் அளவு வெளியே வந்தது. பிறகு... உள்ளே போனது.

யாரோ உள்ளிருந்து இழுத்தார்கள்.

"குட்டி! இழுக்காத! விடு!"

குட்டி ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தாள்.

இரண்டு கைகளையும்.

காலைக் கதவடியில் முட்டுக்கொடுத்து இழுத்தார். ஒரு விரல் அளவு. உள்ளே போனது. ஒரு விரல் அளவு. உள்ளே போனது.

புகையில் குட்டியின் முகம் மங்கியது.

"மச்சான்! டேய்! யாராவது!"

முன்கதவு வழியாக உள்ளே பாய்ந்தார். இரண்டு சீட்டுக்கு நடுவில் கையை விட்டார். மகளின் தோள் கிடைத்தது. இழுத்தார்.

வரவில்லை.

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அது கழன்றுதான் கிடந்தது.

குட்டி இருமினாள்.

"அப்பா... வலிக்குது. அந்தக் கையை விடச் சொல்லு."

"எந்தக் கைம்மா?"

"அந்தப் பக்கக் கை."

டெசிபலுக்கு அப்போது ஒன்று உறைத்தது. பிடி என்று சொன்னது அவர். சொல்கிற வரைக்கும் விடாதே என்று சொன்னதும் அவர்.

இன்னும் சொல்லவில்லை.

தொண்டை எரிந்தது. யாரைப் பார்த்துப் பேசுவதென்று தெரியவில்லை. புகையைப் பார்த்துச் சொன்னார்.

"போதும்மா... விட்டுடு. விட்டுடும்மா."

ஏன் 'அம்மா' என்று வந்தது? அவருக்கே தெரியவில்லை.

டக்.

குட்டி அவர் மேல் வந்து விழுந்தாள்.

மச்சான் ஓடிவந்து பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினான். காவலாளி தீயணைப்பானைக் கொண்டுவந்து பீய்ச்சினார். முன்சீட் ஒன்று போனது. பாட்டு அத்தனையும் போனது. குட்டிக்கு இருமல் மட்டும்தான். மேல்கையில் சிவப்பாக ஒரு தடம். மனைவி அதற்கு மருந்து தடவினாள். எதனால் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் டெசிபல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தடத்தைச் சுற்றித் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் ரொம்பப் பெரிதாக இருந்தன.

ஆடியோ கடைக்காரர் வந்து வயரைப் பார்த்தார், திட்ட வேண்டியதைத் திட்டினார். பிறகு அந்த வெளிர்நிறப் பலகையைக் கழற்றினார். உள்ளே தகட்டின் மேல் டெசிபல் உருளை போட்டு வழவழவென்று ஒட்டிய அலுமினியத் தாள். பலகை மாட்டிய பிறகு யாராலும் தொட முடியாத இடம்.

அதில், கைப்பிடிக்கு நேராக, பள்ளமாகப் பதிந்திருந்தது ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்களோடு.

"பாப்பாவை ஒட்டும்போது பக்கத்துல விட்டீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

விடவில்லை. அன்றைக்குக் குட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அந்தக் கை குட்டியின் கையைவிடவும் சின்னது.

பலகையை எடுத்துக்கொண்டு மனைவியும் டெசிபலும் யார்டுக்குப் போனார்கள். தார்பாய் போர்த்திய அந்தக் காரைக் காணோம். யார்டுக்காரர் பலகையைக் கையில் வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொன்னார்.

"இது எங்கேயோ அடிபட்ட வண்டியா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா. ஓடுற வண்டி. ஒருத்தர் தானே ஓட்டிட்டு வந்து, குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போனாரு. அழுக்கில்லாத சட்டை, நல்லாப் பேசினாரு. போகும்போதுதான் ஒரு மாதிரி..."

"என்ன சொன்னாரு?"

யார்டுக்காரர் தார்பாய் கிடந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"பின்சீட்ல யாருமே இல்லம்மா. ஆனா அந்த ஜன்னலோரம் பெல்ட் மாட்டியிருந்துச்சு. அவரு குனிஞ்சு அதைச் சரிபண்ணாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து, ரொம்பத் தணிஞ்ச குரல்ல சொன்னாரு: 'பாப்பா சாஞ்சு தூங்குறா. இந்தக் கதவை மட்டும் யாரும் திறந்துடாதீங்க... போன தடவை மாதிரி விழுந்துடுவா.'"