பக்கோடாவின் பழைய பெயர்

போன மாதம் ஒரு மெசேஜ் வந்தது. 'மேடம், இது எங்க சரசு மாறி கீது. எடது காதுல ஒரு வெட்டு இருக்குமா?'

இருக்கும். அதாவது... இருந்தது.

பக்கோடா எங்கள் நாய். காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அடுத்த தெருவில் கிடைத்தவள். ஆறேழு வருஷம் எங்களோடு இருந்துவிட்டு, கிட்னி கெட்டுப்போய் இறந்துவிட்டாள். மனசு ஆறாமல் ஃபேஸ்புக்கில் அவள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் இந்த மெசேஜ். அனுப்பியவர் பெயர் தேவகி. ஆவடிக்கு அந்தப் பக்கம், முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறாராம்.

'சரசு' என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? எங்கள் இரண்டாவது மாடியில் சரஸ்வதி என்று ஒரு ஆன்ட்டி. அவர் கணவர் காய்கறிப் பையோடு கீழே நின்று, "சரசு... சரசு..." என்று குரல் கொடுப்பார். ஆன்ட்டி எட்டிப் பார்ப்பதற்குள் பக்கோடா படியெல்லாம் உருண்டு இறங்கி அவர் முன்னால் நிற்பாள். வால் மட்டுமல்ல, இடுப்பே ஆடும். அவருக்கு ஒரே பெருமை. "நல்ல மனுஷன் யாருன்னு நாய்க்குத் தெரியும்மா" என்பார். நாங்களும் நம்பினோம்!

தெருநாயை எடுத்து வளர்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். இறந்துபோன நாயைப் பற்றிச் சொல்லும்போது, "எனக்கு அது கிடைச்சப்போ..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால்? தெரியாது. துடைப்பத்தைக் கண்டால் ஏன் நடுங்கியது? மழை பெய்தால் ஏன் கட்டிலுக்கு அடியில் போனது? எல்லாம் நம் யூகம். பாதிக் கதையை வைத்துக்கொண்டுதான் முழு அழுகையும் அழுகிறோம்.

இங்கே மீதிப் பாதியைத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார். போகாமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒன்று தேவகியுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறார். கணவர் ஏழுமலைக்கு ஷேர் ஆட்டோ. எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, தேவகி என் மொபைலைக் கையில் வாங்கிக்கொண்டார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இதே தான் மேடம். நம்ம சரசு தான். எப்டி கொழுகொழுன்னு கீது பாருங்க."

"எப்படிக் காணாமப் போச்சு?"

"பழைய ஊட்ட காலி பண்ணிகினு வந்தமா... சாமான் ஏத்தறப்போ ஓடிப்போச்சுன்னாரு இவரு. சத்தத்துல பயந்துகிச்சாம். நான் ஒரு மாசம் தேடினேன். எந்த நாயி அடிபட்டுக் கெடந்தாலும் கிட்ட போய்ப் பாப்பேன்."

ஏழுமலை கதவோரம் நின்று ஆட்டோ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எங்க மேடம் கெடச்சுது?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் ஏன் யோசிக்கவில்லை?

பக்கோடா ஓடி வந்தவள் இல்லை. மூடியிருந்த ஒரு டிபன் கடை வாசலில், கம்பத்தில், நீல நைலான் கயிற்றால் கட்டிப்போடப்பட்டிருந்தாள். ஃபேஸ்புக்கில் அதை நான் எழுதவில்லை. கட்டியவனைத் திட்டாமல் எழுத வராது என்பதால்.

ஏழுமலையின் கையில் சாவி திரும்புவது நின்றுவிட்டது.

"காட்டுப்பாக்கத்துல, ரோட்டோரமா... நின்னுட்டிருந்தா" என்றேன்.

தேவகி தலையாட்டினார். "ஆவடிலேந்து அம்மாந்தூரம் எப்டித்தான் நடந்துச்சோ."

கிளம்பும்போது ஏழுமலை, "வாங்க மேடம், ஸ்டேஷன்ல உட்டுர்றேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியிலும் என்னைப் பார்க்கவில்லை.

"கயிறு இருந்துச்சா மேடம்?"

"இருந்துச்சு."

"புது ஊட்டு ஓனரு, நாயின்னா அட்வான்ஸத் திருப்பி வாங்கிக்கன்னுட்டாரு. இவகிட்ட சொன்னா ஊடே வேணாம்பா. அதான் காத்தால கூட்டிகினு போய்க் கட்டிட்டேன். கிட்டக்க உட்டா திரும்பி வந்துரும். அந்த டிபன் கடைக்காரரு நாய்ங்களுக்கு சோறு வைப்பாரு. அவரு வெக்கறத நான் பாத்துகீறேன்."

அன்றைக்கு அந்தக் கடை லீவு. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"மறுநாளு மனசு கேக்காம திரும்பிப் போனேன் மேடம். அறுந்த கயிறு மட்டும் தொங்கிகினு இருந்துச்சு. அது கடிச்சு அறுத்துகினு ரோட்டுக்கு ஓடுச்சா, யாருனா அறுத்தாங்களா... இன்னி வரைக்கும் தெர்ல."

"நான்தான் அறுத்தேன். வீட்டுலேர்ந்து காய் நறுக்கற கத்தி எடுத்துட்டுப் போய்."

பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார். ஸ்டேஷன் வாசலில் நான் இறங்கும்போது கேட்டார். "தேவகிகிட்ட சொல்லிருவீங்களா?"

"அது உங்க வீட்டு விஷயம்ங்க."

வீட்டுக்கு வந்து நிறைய யோசித்தேன். கட்டியவன் எப்படி இருப்பான் என்று பல வருஷமாக ஒரு உருவம் வைத்திருந்தேன். முரட்டு ஆள், குடிகாரன், இரக்கமே இல்லாத முகம். கயிற்றை அறுத்த அன்றைக்கு அவனுக்கு விட்ட சாபம் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பிப் போய்ப் பார்த்திருப்பான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை... ஒரு நாய் இறந்த பிறகுதானா இதெல்லாம் தெரியவேண்டும்?

நேற்று தேவகி போன் செய்தார்.

"அவரு சொல்லிட்டாரு மேடம். பேச்சுவார்த்தை கெடயாது இப்போ. சோறு மட்டும் போட்டுகினு கீறேன்."

உடனே தொடர்ந்தார். "உங்க மேலயும் கோவம் தான். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

பிறகு, "சோஃபா மேல படுக்க உட்டீங்களா சரசுவ? படத்துல பாத்தேன்."

"அவதான் எங்களை உட்கார விடலை."

தேவகி சிரித்துவிட்டார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

ராத்திரி அவரிடமிருந்து ஒரு பழைய படம் வந்தது. நிறுத்தியிருக்கும் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார் ஏழுமலை. அவர் வயிற்றின் மேல், கைக்குள் அடங்குகிற அளவில், காதில் இன்னும் வெட்டு விழாத ஒரு குட்டி.

விட்ட சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனசு வரவில்லை. மறுபடி ஒருமுறை விடவும் வாய் வரவில்லை.